ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பது எப்படி?



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் சில ஆண்டுகளாக ஒரு வகை கூடிக்கொண்டே வருகிறது. பிள்ளைக்கு மூன்று வயது, நான்கு வயது; பேச்சு வரவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது; கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை; மருத்துவர் 'ஆட்டிசம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு நகரத்துக்குப் போய்வரும் செலவுக்காக மனு. நம்மால் முடிந்ததைச் செய்கிறோம். ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு முறை முக்கால் மணி நேரம் பயிற்சியாளரிடம் இருக்கும் பிள்ளை, மீதி நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டார் தாங்களே செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றியது இந்தப் பாடம். அதற்கு வேண்டியவை ஒரு படப் புத்தகமும் பத்து நிமிடமும் கொஞ்சம் பொறுமையும். இவற்றில் பொறுமைதான் கிடைப்பதற்கு அரிது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுத் தாள்களில் இதைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். நமக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை, மின்விசிறி ஒரு சுற்றுக் குறைந்தால்கூடக் கண்டுபிடிக்கும் பிள்ளையை, புற உலகச் சிந்தனை இல்லாதது என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு மனுக் கொடுக்க வந்த ஒரு தாய் சொன்னார்: "நாலு சூரா முழுசா ஓதுறான் அண்ணே. 'பசிக்குது'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறான்." மகன் ஹாஃபிழ் ஆவான் என்று குடும்பத்தார் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள், தாய்க்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தாயின் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. பிள்ளையின் நினைவாற்றல் அல்லாஹ் கொடுத்த நிஃமத், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் திறனும், தனக்கு வேண்டியதைப் பிறருக்குத் தெரிவிக்கும் திறனும் வேறு வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் முதலாவது நிறைந்தும் இரண்டாவது குறைந்தும் இருக்கும். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினோரு பிள்ளைகளைப் பற்றி எழுதியதுதான் ஆட்டிசம் குறித்த முதல் விரிவான கட்டுரைகளில் ஒன்று. கேட்ட வாக்கியங்களை எதிரொலி போலத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை அவர் அப்போதே குறித்திருக்கிறார்.

இந்த எதிரொலிப் பேச்சை நிறுத்தவேண்டிய கெட்ட பழக்கமாகவே நெடுங்காலம் நினைத்தார்கள். 1980களில் பேரி பிரிஸண்ட் என்ற பேச்சு வல்லுநரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், இந்த எதிரொலிகளில் பலவற்றுக்கு நோக்கம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். நம் வீடுகளிலேயே இதைக் காணலாம். தாகம் எடுத்த பிள்ளை அம்மாவிடம் வந்து "தண்ணி வேணுமா?" என்று கேட்கும். அது கேள்வி அல்ல. தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் தான் கேட்ட வாக்கியத்தைப் பிள்ளை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் "நீ என்கிட்ட கேக்குறியா?" என்று சிரிக்காமல், "தண்ணி வேணும்" என்று பிள்ளையின் இடத்திலிருந்து சொல்லிக்காட்டித் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு திருத்த வேண்டாம். சொல்லிக்காட்டினால் போதும்.

இனி வாசிப்புக்கு வருவோம். மதரஸாவில் பயின்ற நமக்கெல்லாம் கிதாப் என்றால் ஓதுவது. உஸ்தாத் ஓத, பிள்ளை கேட்டு, எழுத்துப் பிசகாமல் திருப்பி ஓத வேண்டும். வேதத்துக்கு அந்த முறைதான் தகும். ஒரு ஹரகத்தைக்கூட மாற்ற நமக்கு அனுமதி இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் கதைப் புத்தகத்தையும் பிள்ளைக்கு 'ஓதிக்காட்ட' உட்கார்ந்துவிடுகிறோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம். பிள்ளை வாய்மூடிக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எதிரொலிக்கும் பிள்ளைக்கு இப்படி வாசித்தால் அதற்குக் கிடைப்பது மனப்பாடம் செய்ய இன்னும் ஒரு பாடம்தான். படப் புத்தகத்தை நடுவில் நிறுத்தலாம், பின்னோக்கிப் புரட்டலாம், வார்த்தையை மாற்றலாம், படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியும் வைக்கலாம். இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்த்து, அதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஏதாவது தெரிவித்துக்கொள்வதற்கு அது ஒரு சாக்கு.

இப்படி வாசிப்பதை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட். 1988இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய சாதாரணப் பிள்ளைகளின் பெற்றோர்களை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவாரும் வழக்கம்போல் வாசித்தார்கள். ஒரு பிரிவாருக்கு மட்டும், நீங்கள் படித்துக்காட்டுவதைக் குறைத்துப் பிள்ளையைக் கதை சொல்ல வையுங்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

முறை எளிது. படத்தைப் பற்றி ஏதாவது கேட்பது அல்லது வாக்கியத்தைப் பாதியில் விடுவது. பிள்ளை என்ன பதில் தந்தாலும் அதை ஏற்றுக்கொள்வது. அதோடு ஒன்றிரண்டு வார்த்தை சேர்த்து விரித்துச் சொல்வது. அதைப் பிள்ளை திரும்பச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுப்பது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கொடியில் துண்டு காய்கிறது. ஒரு ஆடு அதை எட்டி இழுக்கிறது. தாய் படத்தில் விரலை வைத்து "ஆடு என்ன பண்ணுது?" என்று கேட்கிறார். பிறகு மௌனம். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். இந்தப் பத்து எண்ணிக்கைதான் பாடத்தின் உயிர். நாம் சாதாரணமாக இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கேள்வி காதில் விழுந்து, பொருளாகி, பதிலாகி வாய்க்கு வர அதிக நேரம் பிடிக்கிறது. பாதி வழியில் இருக்கும் பதிலை நம் இரண்டாவது கேள்வி விரட்டிவிடுகிறது.

பிள்ளை "ஆடு" என்கிறது. "ஆமா, ஆடு. ஆடு துண்டைத் திங்குது." சிரித்துக்கொண்டே "ஆடு துண்டைத்..." என்று நிறுத்துங்கள். "திங்குது" என்று வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டாலும் பிள்ளை விரலால் துண்டைத் தொட்டால் அது பதில். உங்கள் கையைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தால் அதுவும் பதில். பக்கத்தைப் புரட்டினால் 'போதும்' என்ற பதில். பேச்சு வராத பிள்ளை படஅட்டையைக் காட்டியோ, டேப்லெட்டில் பொத்தானை அழுத்தியோ சொன்னாலும் அது பேச்சுக்குச் சமம்தான். அட்டை கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை; சில பிள்ளைகளுக்குப் பேச்சு வர உதவியும் இருக்கிறது.

ஒரு பதிலும் வரவில்லை என்றால் என்ன செய்வது? இதற்குத்தான் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று இந்த முறையைச் சற்று மாற்றி அமைத்திருக்கிறார்கள். கெல்லி வேலன், மோனிகா டெலானோ, மேரி ஃபிரான்சஸ் ஹேன்லைன் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட முறையில், உதவியைப் படிப்படியாகக் கூட்டும் ஒழுங்கு இருக்கிறது. நம் வீட்டு வழக்கில் அதைச் சொல்வதென்றால், முதலில் காத்திருங்கள். பிறகு இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: "துண்டைத் திங்குதா, புல்லைத் திங்குதா?" எதிரொலிக்கும் பிள்ளை பெரும்பாலும் கடைசியில் கேட்டதையே திருப்பிச் சொல்லும், ஆகவே சரியான விடையை முதலில் வையுங்கள். அப்போதுதான் பிள்ளை புரிந்து சொல்கிறதா, எதிரொலிக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கும் பதில் வராவிட்டால் துண்டைச் சுட்டிக்காட்டுங்கள். கடைசியாக நீங்களே சொல்லிக்காட்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். பிள்ளை தோற்றுப்போன உணர்வோடு எந்தப் பக்கமும் முடியக்கூடாது.

கேள்விகளிலும் எளிதும் கடினமும் உண்டு. பாதி வாக்கியத்தை நிரப்புவது இந்தப் பிள்ளைகளுக்கு மிக எளிது. அவர்களின் நினைவாற்றல் அங்கே துணைக்கு வருகிறது. 'என்ன', 'யாரு', 'எங்க' அடுத்தது. 'ஏன்' என்பது மிகக் கடினம். படத்தில் இருப்பவர் அழுவது ஏன், அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது இன்னும் கடினம். அதைக் கேட்பதற்கு முன் பல வாரங்கள் நீங்களே சொல்லிக்காட்ட வேண்டும்: "பாப்பா அழுவுது. பலூன் பறந்துபோச்சு. பாப்பாவுக்கு வருத்தமா இருக்கு." புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளையின் வாழ்க்கையோடு சேர்ப்பதும் மெல்ல வர வேண்டியது. "பக்ரீதுக்கு நம்ம வீட்டுக்கு ஒரு ஆடு வந்துச்சுல்ல?" என்று நீங்கள் சொன்னதும், பிள்ளை ஆடு கட்டியிருந்த மூலையை ஒரு நாள் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை ஒரு உரையாடல்.

ஆனால் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் வாசிப்பு பரீட்சை ஆகிவிடும். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். மற்றவற்றில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இந்தப் பிள்ளைகள் படும் பெரிய தொல்லையே 'சொல்லு'தான். விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ஸலாம் சொல்லு, பேரு சொல்லு, ஆனை எப்படிக் கத்தும் சொல்லு." பிள்ளை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளாமல் என்ன செய்யும்?

முகத்தைத் திருப்பி "என்னைப் பாரு" என்று வற்புறுத்த வேண்டாம். பிள்ளை விரும்பும் இடத்தில், உங்கள் முகமும் படமும் அதற்குத் தெரியும்படி உட்காருங்கள். கையை ஆட்டினால் ஆட்டட்டும். நின்றுகொண்டு கேட்டால் நிற்கட்டும். மஃரிபுக்குப் பிறகு தொலைக்காட்சியையும் போனையும் அணைத்துவிட்டு, தினமும் ஒரே இடத்தில், ஒரே பாயில் என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கப்போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தெரிதலே பாதி அமைதி. முதல் வாரம் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாலும் நல்லது. பிள்ளை எழுந்து போவதற்குச் சற்று முன்பே நீங்கள் முடித்துவிடுங்கள்.

ஒரே புத்தகத்தை நாற்பது நாள் கேட்டால் நாற்பது நாளும் அதையே வாசியுங்கள். நமக்குத்தான் சலிப்பு. கதை மனப்பாடம் ஆனபிறகுதான் பிள்ளைக்குப் பதில் சொல்ல மனதில் இடம் கிடைக்கிறது. சில பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பக்க எண்ணையே பார்ப்பார்கள். அப்படியானால் பக்க எண்ணிலிருந்தே தொடங்குங்கள்: "ஏழு! ஏழாம் பக்கத்துல யாரு இருக்கா?"

இந்த இடத்தில் நமக்கு அபூ உமைரின் நினைவு வருகிறது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அந்தச் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு குருவி வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது அவரிடம் அந்தக் குருவியைப் பற்றி விசாரித்துப் பேசுவார்கள் என்று புகாரியில் வருகிறது. இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து எழுதிய ஆலிம் உண்டு. நாம் எடுத்துக்கொள்வது ஒன்று: சிறுவரோடு பேச, அவருடைய பொருளைப் பற்றியே பேசினார்கள். உங்கள் பிள்ளைக்கு ரயிலில் ஆசையா, ரயில் புத்தகம். தண்ணீர்த் தொட்டியில் ஆசையா, தண்ணீர்த் தொட்டிப் புத்தகம். அப்படி ஒன்று கடையில் இல்லாவிட்டால் நாமே செய்துகொள்ளலாம்.

செய்வது கடினமில்லை. பிள்ளையின் ஒரு நாளைப் போனில் பத்துப் படம் எடுங்கள். பல் துலக்குவது, இட்லி, நன்னி வீட்டு வாசல், வேன், அத்தா தொப்பி போடுவது. ஒரு படத்தில் ஒரு காரியம்தான் இருக்க வேண்டும். பின்னால் சாமான்கள் குவிந்திருக்கக் கூடாது. அச்சிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி, கண்ணாடித் தாள் போட்டுத் தைத்துவிட்டால் கிழியாது. கீழே நான்கே வார்த்தையில் ஒரு வரி. கடைப் புத்தகம் வேண்டுவோருக்குத் தூலிகாவின் தமிழ்ப் படப் புத்தகங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

புத்தகத்தில் 'ஆடு துண்டைத் தின்றது' என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே வீட்டுப் பேச்சில் மாற்றியே வாசியுங்கள்; உங்களிடம் சாப்பாடு கேட்கும்போது பிள்ளைக்குத் தேவைப்படப்போவது அந்தப் பேச்சுதான். உருது பேசும் குடும்பங்கள் உருதுவிலேயே வாசிக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கெடுதல் என்று சொல்லி வீட்டு மொழியை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நன்னா நன்னியோடு பிள்ளையைச் சேர்க்கும் மொழியை நிறுத்திவிட்டு யாரோடு பேசச் சொல்வது?

நம் ஊரில் பல அத்தாமார்கள் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் "அத்தா பாரு, அத்தாகிட்ட பேசு" என்றால் பிள்ளை போனைத் தள்ளிவிடுகிறது. அங்கே இருப்பவர் மனம் உடைந்து போகிறார். அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். போனில் அவர் முகத்துக்குப் பதில் படம் தெரியட்டும், "ஆடு துண்டைத்..." என்று அவர் நிறுத்தட்டும். இங்கே தாயின் கையிலும் அதே பக்கம். பேசுவதற்குப் பொதுவாக ஒரு பொருள் கிடைத்துவிட்டால் பிள்ளை போனைத் தள்ளுவது குறையும்.

உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உட்கார மாட்டேன் என்கிறான் என்று மக்தபிலிருந்து திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளில் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓதும் பாடத்தில் அவர்கள் நன்றாகவே வரலாம். பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம், ஒளு செய்யும் வரிசையைப் படமாக வைத்து "கையைக் கழுவுறோம், அப்புறம் வாயை..." என்று நிறுத்திப் பாருங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். முஸ்ஹஃபை இதற்குப் பயன்படுத்த வேண்டியதில்லை. அதன் அதபு வேறு.

இது சிகிச்சையா என்று கேட்பார்கள். அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வுகள் சில பிள்ளைகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுகள்தான். வாசிக்கும்போது பிள்ளைகள் அதிகமாகப் பங்கெடுத்தார்கள், அதிகமாகப் பதில் தந்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன. பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு இதைச் செய்யக் கூடாது. அந்தப் பயிற்சியாளரிடமே இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னும் மருத்துவரிடம் காட்டாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் பெற்றால் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. அக்காவின் நிக்காஹ் பேச்சு முடியட்டும், அதுவரை வெளியில் தெரிய வேண்டாம் என்று இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடும் குடும்பங்களை நாம் அறிவோம். பேச்சு வளரும் வயது யாருடைய நிக்காஹுக்காகவும் காத்திருப்பதில்லை.

நம் நூலகத்தில் இதற்கென ஒரு அலமாரியில் படப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு தாய்மார்கள் பிள்ளையோடு வந்து உட்கார்ந்து வாசிக்கலாம்; வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். வெளிநாட்டில் அத்தா இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு பிரதியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் கிழிந்தால் அபராதம் இல்லை.